காலர் மட்டும்

திருநின்றவூர் ஜெயப்பிரியாவுக்குத் தையல் தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால் தெருவே சிரித்திருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் பதிமூன்று வருடம் தைத்தவள் ஆயிற்றே. கம்பெனி வேறு ஊருக்குப் போனதும், வந்த பணத்தில் ஒரு மெஷின் வாங்கி முன்னறையில் போட்டாள். எதிர்வீட்டுக் கமலம் மறுநாளே ரவிக்கைத் துணியோடு வந்து நின்றாள்.

அங்கேதான் வந்தது வினை. அத்தனை வருடமும் ஜெயப்பிரியா தைத்தது காலர் மட்டும்தான். கைக்கு ஒருத்தி, பட்டனுக்கு ஒருத்தி என்று வரிசையில் ஆளுக்கொரு வேலை. முழுச் சட்டையை அவள் ஒருநாளும் தைத்ததில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, யூடியூபைப் பார்த்து வெட்டித் தைத்துக் கொடுத்தாள். கழுத்து கனகச்சிதம். கைதான் கமலத்தின் முழங்கையைத் தாண்டி ஏறவில்லை.

"பதிமூணு வருசமா கம்பெனில இன்னாதான் பண்ணிகினு இருந்த?" என்று கமலம் நடுத்தெருவில் கேட்டாள்.

துணிக்குப் பதில் துணி வாங்கிக் கொடுத்துவிடலாம், இந்தக் கேள்விக்கு என்ன கொடுப்பது? பாவம், அன்று ஜெயப்பிரியா சாப்பிடவே இல்லை. தனக்கு உண்மையிலேயே ஒரு தொழில் தெரியுமா என்ற சந்தேகம் பிடித்துக்கொண்டது. மெஷினை விற்றுவிடலாம் என்று கணவர் அழகேசனிடம் சொன்னாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் அந்த மனிதர் அதிகம் பேசமாட்டார். தெரிந்ததைத் தைத்துப் பார் என்றதோடு சரி.

தெரிந்தது காலர்தானே. பழைய சுங்குடிச் சேலையில் காலரை மட்டும் தனியாகத் தைத்து, கட்டிக்கொள்ள நாடா வைத்து, மகள் ரோஷினியின் வெறும் குர்த்தி மேல் போட்டுவிட்டாள். கல்லூரியில் எல்லாரும் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்களாம். ரோஷினி இன்ஸ்டாகிராமில் படம் போட்டாள். முதலில் தோழிகள் கேட்டார்கள், அப்புறம் முகம் தெரியாதவர்கள். சட்டையே இல்லாமல் காலர் விற்கிறாளே என்று தெரு கேலி செய்தது. செய்யட்டும், கூரியர்காரர் வந்துகொண்டுதான் இருந்தார்.

போன மாதம் ரோஷினி லேபிள் அச்சடித்து வாங்கி வந்தாள். அதில் 'ஜெயப்பிரியா, திருநின்றவூர்' என்று இருந்தது. காலருக்கு உள்ளே லேபிள் வைப்பதும் கம்பெனியில் அவள் வேலைதான், கண்ணை மூடிக்கொண்டு வைப்பாள். ஆனால் அன்றைக்கு அவள் வைத்த முதல் லேபிளே கோணிக்கொண்டது. பிரித்துத் தைக்கலாம் என்றாள் மகள். ஜெயப்பிரியா அதன் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எவன் எவன் பேரையோ தெச்சப்பல்லாம் கை நடுங்கலடி," என்றாள். "இது என் பேரு."