டப்பாவில் என்ன இருந்தது

கரகாந்தா நகரத்தில் உல்மெகெனுக்குத் தெரியாத டப்பா கிடையாது. இறைச்சி டப்பா ஆலையில் முப்பத்தோரு வருஷம் மூடி சோதித்தவள். ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் கடைக்குப் போனால் கை சும்மா இருக்காது. டப்பாவை விரலால் தட்டிப் பார்ப்பாள், அடியில் குத்தியிருக்கும் எண்ணைப் படிப்பாள், கடைக்காரருக்கும் ரெண்டு வார்த்தை விழும். கணவர் போனபிறகு மூன்றாம் மாடி வீட்டில் அவளுக்குத் துணை பவுர்சக் மட்டும்தான். விருந்துக்குப் பொரிக்கிற மாவுருண்டையின் நிறமும் வடிவமும் இருந்ததால் பூனைக்கும் அதே பெயர். அந்தப் பவுர்சக் மூன்று நாளாகத் தட்டுப் பக்கமே போகவில்லை.

அன்று காலையில் தன் மருத்துவமனையில் கால்நடை மருத்துவர் எர்மெக் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெளுத்துக் கிடந்தது.

"என்னம்மா குடுக்கறீங்க இதுக்கு?"

"நல்லதுதான் தம்பி. பூனை டின்னுன்னு விக்கிறாங்களே, அந்தக் குப்பையக் கையால தொட மாட்டேன். ஒரு மாசமா எங்க ஆலை மாட்டிறைச்சி. முதல் தரம். மனுஷங்க சாப்பிடறது."

"அதுல வெங்காயம் இருக்கா? பூனைக்கு அது ரத்தத்தையே அழிச்சிடும்."

ஒவ்வொரு டப்பாவுக்கும் வெங்காயம் உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் இப்போதுதான் முதல் தரம் என்று மார்தட்டியிருக்கிறாள். அடுத்த மூச்சில், நானே விஷம் வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

"வெங்காயமா? சுத்தமான இறைச்சி தம்பி" என்று சொல்லிவிட்டாள்.

எர்மெக் நம்பினார். நம்பாமல் என்ன செய்வார், ஆலைக்காரியே சொல்கிறாள். "அப்ப சிறுநீரகமா இருக்கும், வயசாச்சுல்ல" என்று ஓர் ஊசி போட்டார். "மனுஷ டப்பாவ நிறுத்துங்க. பூனைக்குன்னு செஞ்சதா வாங்குங்க, விலை கூடினதெல்லாம் வேணாம். சாயங்காலத்துக்குள்ள ஏதாவது உள்ள போகணும். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. அவசரம்னா ஆறு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

பூனையை வீட்டில் படுக்கவைத்து, பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பனியில் நடந்து சந்தைக்குப் போனாள். வழி முழுக்கத் தனக்குத்தானே வக்கீல் வேலை பார்த்தாள். ஒரு டப்பாவில் எவ்வளவு வெங்காயம் இருந்துவிடப் போகிறது? வெந்த வெங்காயம்தானே? சிறுநீரகம் என்று டாக்டரே சொல்லிவிட்டாரே?

பிராணிகள் தீனிக் கடை நெல்யாவுடையது. கொரிய வம்சத்துப் பெண், நாக்கில் மிளகாய் தடவியவள். உல்மெகென் தங்க நிற மூடி போட்ட டின்னை எடுத்துத் தட்டத் தொடங்கியதுமே குரல் வந்தது.

"அக்கா, அது தர்பூசணி இல்ல. தட்டினா பழுத்துடாது."

"மூடி சரியா உக்காந்திருக்கான்னு பாக்கறேன்."

"மூடியவா பூனை திங்கப்போகுது? அதைக் கீழ வைங்க. அதுல பாதி விலை படத்துக்கு. முன்பக்கம் வாங்கறவங்களுக்கு, பின்பக்கம்தான் பூனைக்கு. திருப்பிப் படிங்க."

உல்மெகென் இருப்பதிலேயே மலிவான டின்னைத் திருப்பினாள். முதல் சொல்லே தானியம். பிறகு சர்க்கரை, சாயம்.

"பூனை என்ன கலரா பாக்கப்போகுது?" என்று நெல்யா அதைப் பிடுங்கி, நடு அலமாரியிலிருந்து படம் மங்கின ஒரு டின்னை நீட்டினாள். "இதுல பாருங்க, மொதல்ல கோழி, அப்புறம் கோழி ஈரல். 'முழு உணவு'ன்னு போட்டிருக்கு, அது முக்கியம். டாரின் சத்து சேத்திருக்கு, அது இல்லாட்டி பூனைக்குக் கண்ணும் நெஞ்சும் கெட்டுடும். என் வீட்ல நாலும் இதத்தான் திங்குதுங்க."

உல்மெகெனின் விரல் வரி வரியாக இறங்கியது. வெங்காயம் இல்லை. விலையோ, அவளுடைய முதல் தர மாட்டிறைச்சி ஒன்றுக்கு இதில் மூன்று வரும். குப்பை, குப்பை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய் கசந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்றேன்க்கா, மனுஷ டப்பாவக் குடுத்துடாதீங்க, வெங்காயம் கெடக்கும். போன வருஷம் ஒருத்தர் அப்படித்தான் குடுத்தாரு. டாக்டர்கிட்ட சொல்ல வெக்கம். நாலாம் நாள் காலிப் பூனைக்கூடையத் திருப்பி எடுத்துக்கறியான்னு கேட்டு வந்து நிக்கறாரு."

உல்மெகென் மீதிச் சில்லறையை வாங்காமலே வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தேகால். டின்னை வெந்நீரில் வைத்து, வெதுவெதுப்பானதும் தட்டில் போட்டாள். பவுர்சக் மோந்தது. தலையைத் திருப்பிக்கொண்டது. மறுபடி மோந்து, ஒரு நக்கு நக்கியது. பிறகு ஒரு வாய் தின்றது, இன்னொரு வாய். உல்மெகென் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா, பிழைத்தோம். இனி யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷம் எவ்வளவு இழிவானது என்று அவளுக்கே உறைத்தது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பூனை எழுந்து மணல் தட்டுக்குப் போனது. பின்னங்கால் மடங்கியது. அது பெய்த மூத்திரம் பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் இருந்தது. டாக்டர் சொன்ன ரத்தம் அதுதான்.

மணி ஆறாக எட்டு நிமிஷம். போனில் எர்மெக்கின் எண்ணை ரெண்டு தரம் தப்பாக அழுத்தினாள்.

"கதவப் பூட்டிட்டிருக்கேன்மா, காலைல பேசலாமா?"

"பூட்டாதீங்க. அதுல வெங்காயம் இருந்துச்சு."

மறுமுனையில் சாவிக்கொத்தின் சத்தம் நின்றது. "உடனே தூக்கிட்டு வாங்க."

மேஜையில் பவுர்சக்கின் காலிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டே எர்மெக் கேட்டார். "தெரியாமக் குடுத்துட்டீங்க, அப்படித்தானே?"

நல்ல பிள்ளை, தப்பிக்க வழி விடுகிறான். உல்மெகென் அந்த வழியில் போகவில்லை.

"குடுத்தது தெரியாமத்தான். காலைல உங்ககிட்ட மறைச்சது தெரிஞ்சேதான்."

எர்மெக் ஊசியில் ஏறிய ரத்தத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பொழைக்குமா தம்பி?"

"காலைல கேட்டிருந்தா பொழைக்கும்னு சொல்லியிருப்பேன்" என்றார் எர்மெக். "இப்ப, பாக்கலாம்னுதான் சொல்ல முடியும்."

பவுர்சக் பிழைத்தது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ள நான்கு நாள் ஆனது, அந்த நான்கு நாளும் உல்மெகெனுக்கு ஒரு கவளம் இறங்கவில்லை.