முன்பாரம்

நான் டிரெய்லர் செய்கிறவன். கோயம்புத்தூரில் சத்தி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை, இரண்டு வெல்டிங் மிஷின், ஒரு சங்கிலிக் கப்பி, அவ்வளவுதான் என் பட்டறை. டிராக்டருக்குப் பின்னால் போகும் தண்ணீர்த் தொட்டி, தேங்காய் ஏற்றும் வண்டி, மண்டபத்துக்காரர்கள் ஜெனரேட்டர் வைத்து இழுக்கும் சின்ன வண்டி எல்லாம் செய்திருக்கிறேன். வெட்டி வா என்றால் கட்டி வருகிற ஆள் என்று என்னைப் பற்றி வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும். பிடித்ததால்தான் கெட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மில் முதலாளி வீட்டுப் படகு என் பட்டறைக்கு வந்தது. கொச்சியில் காயலில் நிற்கிற படகு. அடியில் விரிசல் விட்டதால் லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து ஃபைபர் வேலை பார்த்திருந்தார்கள். திரும்பப் போகும்போது லாரி வேண்டாம், சொந்தமாக ஒரு டிரெய்லர் இருந்தால் வருஷா வருஷம் உதவும் என்றார்கள். இருபத்து நாலு அடி நீளம், பின்பக்கம் இரண்டு எஞ்சின். டிரெய்லரோடு சேர்த்தால் இரண்டு டன்னைத் தாண்டும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் முழுசாக ஒரு நாள் ஒதுக்க வேண்டிய ஊர் இது. என் கொட்டகை வாசலில் நின்ற படகோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஊரே வந்தது.

அதை இழுத்துப் போக வேண்டியது என் மச்சினனின் பிக்கப். என் மனைவியின் தம்பி அவன். இருபது வருஷமாக அடுத்தவர்கள் வண்டியை ஓட்டிவிட்டு, அப்போதுதான் நாலு கதவு பிக்கப் ஒன்றைச் சொந்தமாக வாங்கியிருந்தான். அந்த இருபது வருஷத்தில் அவன் ஓட்டிய எந்த வண்டியிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. கல்யாண வீடுகளில் அவன் பேசுகிற பேச்செல்லாம் ஓட்டுவதைப் பற்றித்தான் இருக்கும். ஸ்டியரிங் பிடிக்காத மச்சினனை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடிந்ததில்லை.

படகைப் பார்த்துக்கொள்கிற மலையாளி ஒருவர் கொச்சியிலிருந்து வந்து, அதை டிரெய்லரில் ஏற்றிக் கட்டினார். பக்கத்து இரும்புக் கடையிலிருந்து எடை மேடையைத் தூக்கி வரச் சொல்லி, டிரெய்லரின் மூக்கை, அதாவது இழுக்கிற வண்டியில் மாட்டுகிற முனையை, அதன்மேல் இறக்கி வைத்துப் பார்த்தார். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது மூக்கில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ரோட்டில் வால் ஆடும் என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். நான் மண்டையை ஆட்டினேன். அவர் மத்தியானப் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

மச்சினனும் மறுநாள் விடியற்காலை கிளம்ப வேண்டுமென்று வண்டியை என்னிடம் விட்டுவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போனான். டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டிப் பார்த்தேன். பின்பக்கம் நாலு விரற்கடை அமுங்கியது, முன்பக்கம் ஏறிக்கொண்டது. எனக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் மாட்டு வண்டி இருந்தது. ஆலைக்குக் கரும்பு ஏற்றியே வளர்ந்தவன் நான். வண்டியில் பாரம் ஏற்றுகிறவனுக்கு முதல் பாடம், மாட்டின் கழுத்தில் முன்பாரம் ஏறக்கூடாது என்பதுதான். நுகத்தடி கைக்கு லேசாக இருக்க வேண்டும். முன்பாரம் போட்டு ஓட்டுகிறவனை ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நிறுத்தித் திட்டுவார்கள். எண்பது வண்டியாவது செய்திருக்கிற எனக்கு, தண்ணீரில் வேலை பார்க்கிற ஒரு ஆள் பாரம் வைக்கச் சொல்லித் தருவதா என்றும் இருந்தது. பட்டையை அவிழ்த்து, சங்கிலிக் கப்பியைப் போட்டு, படகை ஒன்றரை அடி பின்னுக்குத் தள்ளினேன். டிரெய்லரின் மூக்கு ஒரு கையால் தூக்குகிற மாதிரி ஆனது. மறுபடி மாட்டிப் பார்த்தபோது பிக்கப்பும் நிமிர்ந்து நின்றது; கழற்றி வைத்தேன்.

இதை மச்சினனிடம் நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அப்போது எண்ணமில்லை. காலையில் அவனே பார்த்து மெச்சட்டும் என்று விட்டேன்.

மெச்சினான். "பூவாட்டம் இருக்குதுங்க மச்சான்" என்றான், மூக்கை ஒரு கையால் தூக்கிக் கொக்கியில் மாட்டிக்கொண்டே. பிறகு சங்கிலி, விளக்கு, டயர் காற்று என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தான். நான் அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகிற ரோடு தெரியாமலே இறங்கிக்கொண்டு போகும். வாளையாறு தாண்டி எழுபதில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு கன்டெய்னர் லாரி எங்களை உரசுகிற மாதிரி முந்திப் போனது. அந்தக் காற்றில் டிரெய்லர் ஒரு ஆட்டம் ஆடியது. தானாக நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இரண்டாவது ஆட்டம் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது, மூன்றாவதில் பிக்கப்பின் பின்பக்கமே தூக்கிக்கொண்டு இழுபட்டது. பின் சக்கரம் ரோட்டைப் பிடிக்காமல் அலைவது எனக்கு இடுப்பில் தெரிந்தது. என்ன நடக்கிறது என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. அவன் பிரேக்கை மிதித்தான். டிரெய்லர் பக்கவாட்டில் திரும்பி எங்களையும் சுழற்றியது. படகு பட்டையை அறுத்துக்கொண்டு ரோட்டோரத்துக்குப் போனது. அங்கே ஒருவர் மொபெட்டை நிறுத்தி உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார்.

அவர் உயிர் போகவில்லை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

போலீஸ்காரர் எப்படி ஆனது என்று கேட்டபோது மச்சினன் நின்றபடியே எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டான். "எழுபதுல வந்தனுங்க சார். ஆடுச்சு, பிரேக்கை மிதிச்சுப்போட்டனுங்க. மிதிச்சிருக்கக் கூடாதுங்க." அவர் எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு வாய் இருந்தது. சாயந்திரம் கொச்சிக்காரர் போனில் கூப்பிட்டு, மூக்கில் பாரம் எவ்வளவு இருந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்க வெச்ச எடத்துலதான் இருந்துச்சு" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது மூன்று வருஷம் தாங்கியது. விசாரிக்க ஆள் இல்லாத புளுகு எத்தனை வருஷமும் தாங்கும்.

மச்சினன் பிக்கப்பை விற்றுவிட்டான். முடக்கி வைத்திருந்த லைசென்ஸை ஆறு மாசத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை வாங்கி பீரோவில் வைத்ததோடு சரி. சரவணம்பட்டியில் ஒரு ஐடி கம்பெனியின் கார் நிறுத்துமிடத்தில் விசில் ஊதுகிற வேலைக்குச் சேர்ந்தான். நேற்று ஓட்டப் பழகியவர்களுக்கெல்லாம் பின்னால் நின்று, வாங்க சார், வாங்க சார் என்று கை காட்டுகிறான். மாசம் ஒரு முறை பழம் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி அந்தக் கால் போனவரைப் பார்த்துவிட்டு வருகிறான். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. அவன் போய்விட்டு வந்த நாளில் என் மனைவி பெருமூச்சு விடுவாள். "எந்தம்பிக்குச் சின்னதுலிருந்தே அவசரமுங்க. பாருங்க, யாரோட பொழப்பையோ கெடுத்துப்போட்டான்." நான் சோற்றைப் பிசைந்துகொண்டு இருப்பேன். என்னை நானே வெறுத்த நாட்கள் அவை. ஆனாலும் வெறுத்துக்கொண்டே தூங்கினேன், எழுந்தேன், வேலை பார்த்தேன்.

போன மாசம் இன்னொரு படகு டிரெய்லருக்கு ஆர்டர் வந்தது. ஆனைமலைப் பக்கத்தில் புதிதாக ரிசார்ட் கட்டுகிறவர்கள். இந்த முறை நானே எடை மேடை கொண்டுவந்து, மூக்கை வைத்து இரண்டு தடவை பார்த்தேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான் அது. அன்றைக்கு மச்சினனுக்கு வார விடுமுறை. என் மனைவி கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பையோடு பட்டறைக்கு வந்தவன், டிரெய்லரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இதை ஆருங்க ஓட்டறாங்க?"

"அவங்களே ஒரு டிரைவர் வெச்சிருக்காங்க மாப்ளே."

பையைக் கீழே வைத்தான். "அவர்கிட்டச் சொல்லிப்போடுங்க மச்சான். ஆட ஆரம்பிச்சா பிரேக் பக்கமே காலைக் கொண்டுபோகப்படாதுன்னு. ஆக்சிலேட்டரை உட்டுப்போட்டு ஸ்டியரிங்கை நேராப் புடிச்சாப் போதுமுன்னு சொல்லுங்க. நானெல்லாம் தெரியாமக் கெடுத்துப்போட்டேன். இன்னொருத்தருக்கு அப்படி ஆகப்படாதுங்க."

அவன் என்னைக் குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். யாரென்றே தெரியாத ஒரு டிரைவருக்காக அவன் அப்படிக் கேட்டதுதான் தாங்கவில்லை.

"மாப்ளே, அந்தப் படகை நான் பின்னாடி தள்ளுனேன்."

"எந்தப் படகுங்க?"

"அந்தப் படகுதான். நீ தூங்கப் போன மத்தியானம். அந்த மலையாளத்துக்காரர் வெச்ச எடத்துல இருந்து ஒன்றரை அடி பின்னாடி தள்ளிக் கட்டுனேன். முன்பாரம் இல்லாமத்தான் ஆடுச்சு. நீ பிரேக்கே மிதிக்காட்டியும் அது அப்படித்தான் ஆயிருக்கும்."

அவன் டிரெய்லரின் மூக்கைப் பார்த்தான். அன்றைக்கு ஒரு கையால் தூக்கினது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

"அப்ப இந்த மூணு வருசமும் நான் ஓட்டியிருக்கலாம்" என்றான். அதில் 'ங்க' இல்லை, மச்சான் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவன் அப்படிப் பேசியதே கிடையாது. மன்னிச்சுக்கோ என்றேன். அது அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வெளியே நின்ற என் மினி டெம்போவைக் காட்டிக் கையை நீட்டினான்.

"சாவியைக் கொடு."

கொடுத்தேன். போய் ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டான். எஞ்சின் ஓடத் தொடங்கியது. நான் கொட்டகைக்குள் நின்று, போய்விடு, எங்கேயாவது ஓட்டிக்கொண்டு போய்விடு என்று மனசுக்குள் கும்பிட்டேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. வண்டி ஒரு அடிகூட நகரவில்லை. கடைசியில் அணைத்துவிட்டு இறங்கினான். சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

உள்ளே வந்து சாவியை என் கையில் வைத்தான்.

"காலு வர மாட்டேங்குதுங்க மச்சான்" என்றான், பழைய மரியாதையோடு.

சாப்பாட்டுப் பை வைத்திருந்த இடத்தைக் காட்டிவிட்டு, பஸ் ஏறப் போய்விட்டான். அவன் என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.