எதுல ஒடஞ்சுது?

கத்தியைக் கையில் வாங்கும் முன்பே, கொண்டுவந்தவர் முகத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்க்கிறார் மாரப்பன். பிறகு மடக்கை விரித்து, உடைந்த முனையை வெயிலுக்குக் காட்டி, வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் மாட்டுகிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு கேட்கிறார்: "இது எதுலங்க ஒடஞ்சுது?"

காரிமங்கலம் சந்தையில் தேங்காய்க் குவியலுக்கும் கருவாட்டுக் கடைக்கும் நடுவே கோணி விரித்து உட்கார்ந்திருக்கும் அறுபத்திரண்டு வயதுக்காரர். மாட்டுக்கொம்புப் பிடி போட்ட பழைய மடக்குக்கத்திகளில் உடைந்த முனையைத் திருத்துவதும், பல் விழுந்த வெட்டுவாயைச் சீராக்குவதும் தொழில். சாணை பிடிக்க ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். மோட்டாரில் வைத்து இரும்பை நீலமாகக் காய்ச்சிப் பதத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்பது இவர் கட்சி. இவருக்கு அரமும் தண்ணீர்க் கல்லும் போதும். முனை போன கத்திக்கு முதுகைத்தான் இறக்குவார், வாயை ஏற்றமாட்டார். ஏற்றினால் மடக்கும்போது முனை பிடிக்குள் அடங்காமல், மடியில் செருகியவர் இடுப்பைக் குத்தும்.

யாரையும் நம்ப மாட்டார். யாராவது செல்போனை நீட்டி வீடியோ எடுத்தால் கல்லின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார். டீக்குப் போகும்போது பையின் ஜிப்பில் ஒரு நூலைக் கட்டிவிட்டுப் போவார். திரும்பி வந்து நூலைச் சரிபார்த்த பிறகுதான் உட்காருவார். டம்ளரை இடக்கையில் வாங்குவதால் டீக்கடைக்காரர் முகம் சுளிக்கிறார் என்று நெடுநாள் சந்தேகம் வேறு. அவருக்கு எல்லா வேலையும் இடக்கைதான்.

போன சந்தைக்கு மாஞ்செடி ஒட்டுக்கட்டுகிற பெரியண்ணன் வந்தார்.

"தேங்கா நெத்துல பட்டுருச்சுங்க."

"தேங்காயில பட்டா வாய் மழுங்கும். முனை எப்பிடிங்க ஒடையும்? எதையோ நெம்பியிருக்கீங்க."

"நான் எதையும் நெம்பவே இல்லீங்க."

மாரப்பன் முறிந்த இடத்தை விரல் நுனியால் தடவினார். வலக்கையால் நெம்பினால் முறிவு ஒரு பக்கம் சாயும், இடக்கையால் நெம்பினால் மறுபக்கம் சாயும். "வூட்ல பீச்சாங்கைக்காரர் யாருங்க?"

பெரியண்ணன் சிரித்துவிட்டார். "எம் மச்சானுங்க."

அன்று முழுக்க மாரப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமை இரண்டு நாள்கூடத் தங்கவில்லை. யாரும் தொடக்கூடாத தன் சொந்தக் கத்தியை அலமாரியிலிருந்து எடுத்து விரித்தபோது, முனை ஒரு நெல் நீளத்துக்குக் காணோம். வீட்டில் அவரும் மருமகள் யுவராணியும் மட்டும்தான். மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மாதம் ஒருமுறை வந்தால் பெரிது.

"நான் எதுக்குங்க மாமா அதத் தொடறேன்?"

"எதையோ நெம்பித்தான் ஒடஞ்சிருக்குது. வூட்ல வேற ஆளு யாரு இருக்குது?"

மூன்று நாளும் அதே கேள்வி. சோறு போட்டால் கேட்டார். மருந்துக் கடை வேலை முடிந்து அவள் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழும்படி "பொய்க்காரி" என்றும் சொல்லிவிட்டார். நான்காம் நாள் காலை அவள் பையைக் கட்டி வாசலில் வைத்தாள். பாப்பாரப்பட்டிக்கு, அம்மா வீட்டுக்கு. இனி இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று புருஷனிடம் அவள் போனில் சொன்னது மாரப்பனுக்கு நன்றாகவே கேட்டது.

போகட்டும் என்று கல்லைத் தண்ணீரில் நனைத்தார். அதுவரை கோபத்தில் அந்த முறிவை அவர் கண்ணாடி வைத்துப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தார். பெரியண்ணனின் கத்தியில் சாய்ந்திருந்த அதே பக்கம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். யுவராணி வலக்கைக்காரி.

இறுகிப்போனால் நெம்பித் திறக்கிற சாமான் அவரிடம் ஒன்றுதான்; தன் சந்தைப் பைக்குள் கையை விட்டு எண்ணெய் டப்பாவை எடுத்தார். அவரைத் தவிர யாரும் தொடாத டப்பா அது. துருவேறிய மூடியின் ஓரத்தில் புதிதாக ஒரு பள்ளம். அதற்குள் நெல் நீளத்துக்கு இரும்பு மின்னியது. காய்ச்சலில் கிடந்த அன்று மூடி திறக்காமல் நெம்பியதும், மாத்திரை மயக்கத்தில் கத்தியை அப்படியே மடித்து வைத்ததும் அரைகுறையாக நினைவுக்கு வந்தன.

அரத்தை எடுத்துக் கத்தியின் முதுகில் வைத்தார். நாலு இழுப்பு இழுத்தால் முறிவு போய்விடும். எந்தக் கை என்று அப்புறம் அவரே நினைத்தாலும் சொல்ல முடியாது. ஒரு இழுப்பு இழுத்தார். வாசலில் யுவராணி செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. அரத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனார்.

விரித்த கத்தியையும் டப்பாவையும் பூதக்கண்ணாடியையும் அவளிடம் நீட்டினார். அவள் சற்று யோசித்துத்தான் வாங்கினாள். முறிவை வெயிலுக்குக் காட்டி, கண்ணாடி வைத்து நிதானமாகப் பார்த்தாள். நாலு வருஷமாக அவர் வித்தையைத் தினமும் கேட்டுச் சலித்தவள். எந்தக் கைக்கு எந்தப் பக்கம் என்று அவளுக்கும் தெரியும்.

"இது எதுலங்க மாமா ஒடஞ்சுது?"

மாரப்பன், அடிவாங்க வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி, இடக்கையை நீட்டிக்கொண்டு நின்றார்.