இரண்டாயிரத்து இருபத்திரண்டாக நின்ற யோசப்பின்

குருநகரில் ஒரு வலைக்கடையில் யோசப்பினுக்கு வேலை. கூரையை ஒட்டி அடுக்கியிருக்கும் வலைக்கட்டுகளைக் கையை நீட்டியே எடுத்துவிடுவாள். அவள் வேலைக்குச் சேர்ந்த மாதமே முதலாளி கடையிலிருந்த ஏணியை விற்றுவிட்டார். பள்ளிக்கூடப் படங்களில் கடைசி வரிசையில், அங்கேயும் முழங்காலை மடக்கித்தான் நின்றிருப்பாள். தேவாலயத்தில் பூசை நேரத்தில் முன்வரிசை வாங்குப் பலகையில் இருந்தால், பீடம் மறைக்கிறது என்று பின்னால் முணுமுணுப்பார்கள். பெண் பார்க்க வந்த பலர் அவள் எழுந்து நின்றதும் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போனார்கள். கடைசியில் படகு இயந்திரம் திருத்தும் லெனாட் வந்தான். அவளுடைய தோள்வரைக்கும் வராதவன். அண்ணாந்து பார்த்தான், சரியென்றான். இரண்டு பிள்ளைகள் பிறந்து அவர்களும் வளர்ந்தாயிற்று.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், ஜெயகௌரி என்ற விவசாயத் திணைக்கள உத்தியோகத்தர் கண்காட்சிப் பந்தலுக்கு வலை வாங்க அந்தக் கடைக்கு வந்தாள். பக்கத்துத் திருநெல்வேலியில் பெரிய விவசாயக் கண்காட்சி. முப்பது வருட விவசாய ஏற்றுமதி வருமானத்தை ஒரு வரைபடமாகக் காட்டவேண்டும். வரப்போகும் பிரதம விருந்தினருக்கு எதுவும் உயிரோட்டமாக இருக்கவேண்டுமாம். ஆகவே ஒரு வருடத்துக்கு ஓர் ஆள் வீதம் உயர வரிசையில் நிறுத்துவதாகத் தீர்மானித்திருந்தார்கள். பழைய வருடங்களுக்கு முன்பள்ளிப் பிள்ளைகள் கிடைத்தார்கள். நடு வருடங்களுக்குப் பல்கலைக்கழக மாணவர்கள். கடைசி வருடத்துக்குத்தான் ஆள் அகப்படவில்லை. ஜெயகௌரி வலையை மறந்து யோசப்பினைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நீங்கள் எங்களுக்கு இரண்டாயிரத்து இருபத்திரண்டாய் வரவேணும்."

யோசப்பினுக்கு அந்த வருடம் நன்றாக ஞாபகம் இருந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. படகு ஓடாததால் லெனாட்டுக்கும் வேலையில்லை. வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குத் தேத்தண்ணியும் பாணும். அந்த வருடமா உயர்ந்தது என்று கேட்டாள். சாமான் முந்தியைவிடக் கூடுதலாகப் போகவில்லை, டொலரின் விலை ஏறினதால் ரூபாய்க் கணக்கு உயர்ந்துவிட்டது என்று ஜெயகௌரி விளக்கினாள். யோசப்பினுக்கு அது முழுக்க விளங்கவில்லை. ஆனால் உயரமாக இருக்கிறாய் என்பதற்காக யாரும் அவளை ஓரிடத்துக்கு அழைத்தது அதுவே முதல் தடவை. லெனாட் அவளுடைய கல்யாணவீட்டுச் சேலையை மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுத்தான்.

கண்காட்சியன்று காலை வரிசை அழகாக ஏறிக்கொண்டு போயிற்று. இருபத்தொன்றாம் வருடம் தனோஜன் என்ற மாணவன். நடுத்தர உயரம். அவனுக்குப் பக்கத்தில் யோசப்பின் பனைபோல நின்றாள். அந்த நேரத்தில் மேலதிகாரி கேதீஸ்வரன் வந்தார். வரிசையை ஒருமுறை நடந்து பார்த்தவருக்கு முகம் கறுத்தது. ஏற்றுமதியை ரூபாயில் காட்டுவது உலகத்தை ஏமாற்றுகிற வேலை, டொலரில் காட்ட வேண்டும் என்றார். டொலரில் பார்த்தால் பழைய வருடங்கள் அவ்வளவு குள்ளமில்லை, இருபத்திரண்டு இருபத்தொன்றைவிடச் சற்றுக் குறைவு. பிள்ளைகளை வாங்குகளில் ஏற்றினார்கள். யோசப்பினை முழங்காலை மடக்கித் தனோஜனின் காதளவுக்கு வரச் சொன்னார்கள்.

பிரதம விருந்தினரின் உரையோ ரூபாயில் எழுதப்பட்டிருந்தது. திருத்த நேரமில்லாததால் கேதீஸ்வரன் இடையிடையே டொலரைச் செருகிக் கொடுத்தார். ரூபாய் என்றால் நிமிர்வது, டொலர் என்றால் குனிவது என்று வரிசைக்குச் சொல்லப்பட்டது.

உரை தொடங்கியது. ரூபாயில் பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள், யோசப்பின் எழும்பினாள். டொலரில் பிள்ளைகள் ஏறினார்கள், அவள் தணிந்தாள். விருந்தினர் அதை ஏதோ நடனம் என்று நினைத்து மகிழ்ந்து, எழுதாத இடங்களிலும் ரூபாய், டொலர் என்று சொல்லத் தொடங்கினார். வெயில் ஏறியது. தொண்ணூற்றெட்டாம் வருடத்தை மூத்திரம் வருகிறதென்று தாய் வந்து தூக்கிக்கொண்டு போனாள். இரண்டாயிரத்து நான்கு அழுதது. விருந்தினர் ஒரே மூச்சில் ரூபாயையும் டொலரையும் சொன்னபோது பாதி வருடங்கள் மேலேயும் பாதி கீழேயும் நின்றன. யோசப்பின் நிமிர்ந்தாள். பிறகு குனியவில்லை.

ஜெயகௌரி வாங்குகளுக்குப் பின்னால் தவழாத குறையாக வந்தாள். "அக்கா, இப்ப டொலர். குனியுங்கோ."

"உயர்ந்த வருசம் எண்டுதானே பிள்ளை என்னைக் கூப்பிட்டனீங்கள்," என்றாள் யோசப்பின். குரலில் கோபமில்லை. "சின்னனிலையிருந்து குனிஞ்சு முடிஞ்சுது. இனி எனக்கு ஏலாது."

விருந்தினர் அந்த நிமிர்வைப் பார்த்தார். டொலரிலும் இருபத்திரண்டாம் ஆண்டே வரலாறு காணாத உயர்வு என்று மேடையில் அறிவித்தார். சனம் கைதட்டியது. தனோஜனும் தட்டினான். அவனுடைய வருடம்தான் அங்கே தோற்றுப்போனது.

மூன்றாம் நாள் திணைக்களம் ஒரு மறுப்பு அறிக்கை விட்டது. ஏற்றுமதியில் அப்படி உயர்வு எதுவும் ஏற்படவில்லை, குறித்த பெண்மணிக்கு முழங்கால் நோவு என்று அதில் இருந்தது. லெனாட் அதை வாசித்துக் காட்டி, "நாட்டுக்கு நோவு, அதை உமக்கெண்டு எழுதியிருக்கினம்," என்றான். அவள் சிரித்தாள். காலுக்கு எண்ணெய் தடவிவிட்டான்.

அடுத்த வருடக் கண்காட்சி சாவகச்சேரியில். கேதீஸ்வரனே கடைக்கு வந்தார். இந்த முறை கணக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து. அவள் இரண்டாயிரத்து முப்பதாக, எதிர்கால இலக்காக, மேசைமேல் ஏறி நிற்கவேண்டும். யோசப்பின் கொஞ்சம் யோசித்துவிட்டு, நிற்காமல் இருக்கிற வருடம் ஏதும் உண்டா என்று கேட்டாள். அவர் அந்தக் கேள்வியைப் பகிடியாக எடுக்கவில்லை. பார்த்துச் சொல்வதாகப் போனவர், அடுத்த கிழமை திரும்பி வந்தார்.

"ஓம், இருக்கு. கோப்பிச் செடியளுக்கு நோய் வந்து ஏற்றுமதி விழுந்த காலம். அதுக்கு நிலத்தோடை இருக்கலாம். உங்களுக்காகக் கதிரை தாறம்."

யோசப்பின் கோப்பி விழுந்த காலமாக அந்தக் காலை முழுவதும் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். அவளை யாரும் எழும்பச் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளுக்கு மேடை நன்றாகத் தெரிந்தது. விருந்தினர் வருடங்களைப் பார்த்துக்கொண்டு வந்து, அவளிடம் மட்டும் சுகமா என்று கேட்டுவிட்டுப் போனார். யாரோ கொடுத்த தேத்தண்ணியை அவள் ஆறுதலாகக் குடித்தாள்.