ஒரே பக்கம் சாய்ந்த பூக்கள்

றோசலினின் சவப்பெட்டி மேல் விரித்திருந்த கம்பளி நூல் பூப்போர்வையை நாங்கள் இருவரும் சேர்ந்து பின்னியதாகப் பலர் சொல்லுகிறார்கள். எங்கள் பங்குக் கோயில் மடலிலும் அப்படித்தான் வந்திருக்கிறது. அது பிழை. அந்தப் போர்வையில் நூற்றிருபது பூக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட என்னுடையது அல்ல. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவரோடு ஒரே வீட்டில் இருந்த மகள் நிர்மலா கேட்டார். எழுதுவதென்றால் இதிலிருந்துதான் நான் தொடங்க முடியும்.

அவர் இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் மீன்காரர். நிலாவெளியிலிருந்து காலையில் வருகிறவர், அன்று தராசை எடுக்காமல் கேற்றடியில் நின்றார்.

"அம்மா, உங்கட கூட்டாளி அம்மா விடிய மோசம் போயிட்டாவாம். தெரியாதோ?"

"தெரியும்" என்றேன். தெரியாது. அறுபது வருடச் சிநேகிதியின் மரணத்தை மீன்காரரிடம் கேட்டறிந்தவளாக நிற்க எனக்கு மனம் வரவில்லை. அரைக் கிலோ பாரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து கதிரையில் இருந்துவிட்டேன். அந்த மீன் அன்று சமைக்கப்படவில்லை.

கொன்வென்ர் பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே வாங்குப் பலகையில் இருந்தவர்கள். றோசலின் இடக்கைக்காரி. எழுதும் கையை அடித்து மாற்றிய சிஸ்ரரால் அவர் பின்னும் கையை மாற்ற முடியவில்லை. பதின்மூன்று வயதில் எழுந்து நின்று, "எழுதுறது உங்களுக்கு, சிஸ்ரர். பின்னுறது எனக்கு" என்று சொன்னவர் அவர். சிஸ்ரர் சிரித்துவிட்டார்.

அந்தத் தையல் வகுப்பில் ஒரு விதி இருந்தது. ஒருத்தியின் பின்னலில் பிழை கண்டால் மற்றவள் அதில் கை வைக்கக் கூடாது. பிழையைக் காட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பின்னியவளே பிரிக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டபின்னும் நாங்கள் இருவரும் அந்த விதியைக் கைவிடவில்லை. பின்னலுக்கு மட்டும் என்றில்லை, எல்லாவற்றுக்கும் அதையே வைத்திருந்தோம். சுங்கத்தில் வேலை பார்த்த என் கணவர் காலமான மாதத்தில், ஆறுதல் சொல்ல வந்த பெண்களை நான் வாசலோடு திருப்பி அனுப்பியபோது, "நீர் செய்தது பிழை. நீரே போய்ச் சொல்லிப்போட்டு வாரும்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவர் ஒருவர்தான். போனேன்.

போர்வைக் கதை இரண்டு வருடங்களுக்கு முன் தொடங்கியது. அவருடைய பேத்தி மெல்பேணில் வீடு வாங்கி, செற்றிக் கதிரைக்கு ஒரு போர்வை கேட்டிருந்தாள். கொன்வென்ரில் பின்னிய பழைய றோசாப்பூவின் மாதிரிப் படம் என்னிடம் தாளில் இருந்தது. வெளிர் சிவப்பு, பால் வெள்ளை, இலைப் பச்சை. றோசலினோ கடுகு நிறமும் மயில் நீலமும் சாம்பலும் செங்கல் நிறமுமாக நூல் வாங்கி வந்து மேசையில் கொட்டினார்.

"கடுகு நிறத்தில றோசாவோ? எந்தத் தோட்டத்தில கண்டனீர்?"

"மெல்பேண் தோட்டத்தில. நீர் உம்மட பழைய றோசாவையே வைச்சுக் கும்பிட்டுக்கொண்டிரும்."

பத்துப் பூ முடிந்தபோது அவர் சரி, நான் பிழை என்று கண்டேன். சொன்னேன்.

ஆளுக்கு அறுபது பூ என்று பிரித்துக்கொண்டோம். கணக்குத் தவறினால் உதவட்டும் என்று நான் ஒன்று கூடப் பின்னிக் கொடுத்தேன். பிறகுதான் ஒன்றைக் கவனித்தோம். வலக்கைக்காரி வட்டமாகப் பின்னும்போது இதழ்கள் ஒரு பக்கம் சாயும். இடக்கைக்காரியின் இதழ்கள் எதிர்ப்பக்கம் சாயும். ஒரே போர்வையில் இரண்டு சாய்வும் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் விடவில்லை. "வாடைக்கு உம்மட பூ சாயட்டும், கச்சானுக்கு என்ர பூ சாயட்டும். ரெண்டு காத்தும் அடிக்கிற ஊர்தானே" என்றார். நான் அடுத்த பூவைத் தொடங்கினேன்.

ஒருநாள் அவருடைய பூ ஒன்றில் ஆறுக்குப் பதிலாக ஐந்து இதழ்கள் இருக்கக் கண்டு திருப்பிக் கொடுத்தேன். "உம்மட மனிசன் கஸ்ரம்ஸில பெட்டி திறந்து பாத்தது போதாதெண்டு, இப்ப நீரும் தொடங்கிட்டீர்" என்று சொல்லிச் சொல்லியே என் கண்முன் பிரித்தார்.

சென்ற வருடம் எனக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது; பார்வை முன்போல் திரும்பவில்லை. அதன்பின்னும் செவ்வாய்க்கிழமை தோறும் பூக்களைப் பையில் போட்டுக்கொண்டு அவரிடம் போனேன். முன்பெல்லாம் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏதாவது குறை சொல்லுகிறவர், "வடிவா இருக்கு. வையும்" என்று வாங்கி வைக்கத் தொடங்கினார். பூக்களைச் சேர்த்துத் தைக்கும் வேலையையும் தானே பார்ப்பதாகச் சொன்னார். "நீர் பூவைத் தாரும். மிச்சத்தை நான் பாக்கிறன்." அப்போது அவருக்கு நோய் முற்றியிருந்தது. அதையும் அவர் எனக்குச் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த பாராட்டுகளை நான் நம்பினேன்.

மெல்பேணுக்கு அனுப்ப முன்னரே அந்தப் போர்வை பெட்டிமேல் விரிக்கப்பட்டுவிட்டது. செத்தவீட்டில் பெட்டியருகே நின்ற பெண்கள், "ரெண்டு பேரும் சேந்து என்ன வடிவாப் பின்னியிருக்கினம்" என்றார்கள். நான் குனிந்தேன். முத்தமிடக் குனிந்ததாக அவர்கள் நினைத்திருப்பார்கள். நான் என் பூக்களைத் தேடினேன். எல்லா இதழ்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன, அவருடைய பக்கம். கையை வைத்துப் பார்த்தேன். பாதிப் பூக்களில் நூல் நெளிந்திருந்தது. ஒருமுறை பின்னிப் பிரித்த கம்பளி நூல் அப்படித்தான் நெளியும். நான் கொடுத்ததை எல்லாம் பிரித்து, அதே நூலால் திரும்பப் பின்னியிருக்கிறார். நோயோடு, நான் வராத நாட்களில்.

அவருடைய இரக்கத்தைப் பற்றி இந்த மலரில் பலர் எழுதுவார்கள். அது உண்மை. அந்த இரக்கத்தை என்மேல் காட்ட அவருக்கு உரிமை இருக்கவில்லை. பிழை இருந்தால் என் கையில் தர வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த ஒரே வாக்கு. அறுபது வருடம் காப்பாற்றியதைக் கடைசி வருடத்தில் மீறிவிட்டு, "வடிவா இருக்கு" என்று எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்திருக்கிறார். இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்ததாக எழுதினால் அவரே திருப்பி அனுப்புவார்.

எட்டாம் நாள் முடிந்து நிர்மலா என் வீட்டுக்கு ஒரு பிஸ்கற் ரின்னோடு வந்தார். "அம்மா இதை உங்களிட்டக் குடுக்கச் சொன்னவ, அன்ரி." உள்ளே றோசலினின் கொக்கி ஊசி இருந்தது. அதனடியில் ஒரு பூ. கடுகு நிறம், சாம்பல் ஓரம். என் பக்கம் சாய்ந்த பூ.

"வேற என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை அன்ரி." நிலத்தைப் பார்த்தார். பிறகு, "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்றார். அது என்னுடைய வீடு.

அவரிடமிருந்து என்னிடம் இப்போது இருப்பது அந்த ஊசியும், அவர் பிரிக்காமல் விட்ட என்னுடைய அந்த ஒரு பூவும்தான். வெயிலில் பிடித்துப் பல தடவை பார்த்துவிட்டேன். இதழ்கள் ஆறு. என் கண்ணுக்குப் பிழை தெரியவில்லை. என் கண் இப்போது எவ்வளவு பெறுமதி என்பதும் எனக்குத் தெரியும்.

நிர்மலா, அம்மா பிரித்ததை நீர் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பீர். என் பூக்களில் என்ன பிழை இருந்தது? அந்த ஒன்றை அவர் பிழையில்லை என்று வைத்தாரா, பிரிக்க நாள் போதாமல் விட்டாரா? நேரில் கேட்டால் நீர் எனக்கு இரக்கப்படுவீர். ஆகையால் தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பும்.