பதினேழு ஆடுகளின் வாக்குமூலம்

எங்கள் வீட்டில் யாரையும் சாதாரணமாகத் திட்டி நான் கேட்டதில்லை. அப்பா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பாலில் தண்ணீர் கூடினால் பால்காரரைத் தோலுரித்து உப்புக்கண்டம் போடுவார். கேபிள்காரர் வரத் தாமதமானால் அவருக்கு லாடம் கட்டுவார். நான் கணக்கில் தோற்று வந்த அன்று முட்டிக்கு முட்டி தட்டிவிடுவதாகச் சொன்னார். எல்லாம் வாயோடு சரி. வீட்டில் அவர் யார்மேலும் கை வைத்ததே கிடையாது. கை வைக்கிற வேலையை ஸ்டேஷனிலேயே முடித்துவிட்டு வருகிறார் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது.

இந்த வசவுகள்தான் என்னைப் புத்தகம் எழுதுகிற வேலையில் இழுத்துவிட்டன. நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவன். ஒருநாள் டீக்கடையில் ஒருவர் தன் நண்பரை, “வாடா கழுவேறி, டீ சாப்புடு” என்று ஆசையாகக் கூப்பிட்டார். கூர் சீவிய மரத்தில் உயிரோடு ஏற்றப்பட்டவன் என்பது அதற்கு அர்த்தம். வந்தவர் சந்தோஷமாக வந்து வடையும் கேட்டார். அன்றைக்கே வீட்டுக்குப் போய் ஒரு நோட்டை எடுத்து, ‘தண்டனைகளின் வரலாறு’ என்று தலைப்புப் போட்டேன். மாறுகால் மாறுகை வாங்குவது, யானைக்காலில் இடறுவது, சுண்ணாம்புக் காளவாயில் தள்ளுவது, கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவது என்று நோட்டுகள் பெருகின. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் காலத்தில் வரி வசூலுக்கு விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்ததும், ஆளைக் குனிய வைத்து முதுகில் கல்லேற்றி வெயிலில் நிறுத்தியதும் நாலாவது அத்தியாயம். ஏழு வருடமாகப் புத்தகம் முடியவில்லை. என் மனைவி, “இதுல எங்களுக்குக் குடுக்குற தண்டனை எந்த அத்தியாயம்?” என்று கேட்பாள்.

அப்பாவுக்கு வேறு வருத்தம். “நீ எழுதுறது பூராம் கேள்விப்பட்டது. அனுபவஸ்தன் ஒருத்தன் வீட்லயே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். ஒரு வார்த்த கேட்டியாடா?”

நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்ற பயம்தான்.

கேட்காமலே அவர் சொல்வது ஒன்றுண்டு. அது ஆட்டுக் கேஸ். நாற்பது வருடத்துக்கு முந்தியது. காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம், எந்த விசேஷத்திலும் பந்தி முடிந்ததும் யாராவது, “ஏட்டய்யா, அந்த ஆட்டுக் கேஸ்” என்று எடுத்துக் கொடுப்பார்கள். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் மூன்று ஆடு காணோம் என்று புகார். அப்பா ஒருவனைத் தூக்கி வந்தார். இரண்டு மணி நேரத்தில் அவன் பதினேழு ஆடு திருடியதாக ஒத்துக்கொண்டான். “மூணு ஆட்டுக்குக் கேஸு. பதினேழ ஒத்துக்க வச்சேன். எப்புடி?” என்று அப்பா மீசையைத் தடவுவார். பந்தியே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். முப்பது தடவையாவது சிரித்திருப்பேன். இப்போது அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

போன தை மாதம் அப்பாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஊரார் முட்டிகளையெல்லாம் தட்டுவதாகச் சொன்னவருடைய முட்டியை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். கால் தொண்ணூறு டிகிரி மடங்க வேண்டும், அதற்குத் தினமும் பயிற்சி வேண்டும் என்றார் டாக்டர். ஆனையூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பிசியோதெரபி கிளினிக் இருக்கிறது. ஆட்டோவில் கூட்டிப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு என் நோட்டுகளுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. கூரையிலிருந்து கப்பியும் கயிறும் தொங்கின. கட்டில்களில் தோல் வார்கள். மூலையில் மணல் மூட்டைகள். ஜன்னலோரம் ஒரு பெரியவரின் தாடையில் வார் மாட்டி, கயிற்றைக் கப்பி வழியாக இழுத்து, மறுமுனையில் எடைக்கல் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். கழுத்து வலிக்கு இழுவை வைத்தியமாம். எனக்கு அது தெரியும்வரை பக்கென்று இருந்தது. இத்தனைக்கும் அங்கே பயிற்சி கொடுக்கிற அதிகாரி முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். குரல் தேனாக இருக்கும். பிடி இரும்பு.

ஒரு வாரம் போனது. அப்பா வீட்டில் காலையில் இருபது, மாலையில் இருபது என்று முனகிக்கொண்டே மடக்கி நீட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண் பாகைமானி மாதிரி ஒன்றை முட்டியில் வைத்துப் பார்த்தாள்.

“எழுபதுதான் இருக்கு. வீட்ல எக்சர்சைஸ் செய்யலையா ஐயா?”

“செஞ்சேம்மா. ரெண்டு நேரமும்.”

“செஞ்சிருந்தா எழுபதுல நிக்காது. உண்மையச் சொல்லுங்க.” சொல்லிக்கொண்டே கணுக்காலைப் பிடித்து மடக்கினாள்.

“செஞ்சேன் தாயி!”

“செஞ்சீங்களா?” இன்னும் கொஞ்சம் மடக்கினாள்.

“செய்யல! செய்யலம்மா! ஒரு நாக்கூட செய்யல! விட்ரு தாயி!”

விட்டுவிட்டாள். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல ஐயா” என்று சிரித்தாள். சாட்சி சொல்ல நான் வாயைத் திறந்தேன். அப்பா வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தார். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

ஜன்னலோரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தாடை வாரில் மாட்டியிருந்ததால் அந்தப் பெரியவர் பல்லைக் கடித்தபடியே சிரிக்க வேண்டியிருந்தது.

“ஏட்டய்யா, நீங்களுமா?”

“யாருய்யா அது?” என்றார் அப்பா.

“பதினேழு ஆடு.”

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்படியே மலர்ந்துபோனது. கூடப் படித்தவனைக் கண்டுபிடித்தவர் மாதிரி எழுந்து உட்கார்ந்தார். “அடேய், நீயா! நல்லா இருக்கியாடா?” என்றவர், என் பக்கம் திரும்பி, “இவன்தான்டா அது. நான் சொல்வேன்ல!” என்று பெருமையாக அறிமுகம் செய்து வைத்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் வணக்கம் சொன்னேன். பெரியவர் தலையை அசைக்க முடியாமல் கண்ணை மூடித் திறந்து பதில் வணக்கம் சொன்னார்.

“இருக்கட்டும். அம்புட்டு ஆட்டையும் எங்கடா வித்த? அத மட்டும் நீ கடைசி வரைக்கும் சொல்லல” என்றார் அப்பா.

“எங்க ஊர்லயே அன்னைக்கு மொத்தம் பதினேழு ஆடு கெடயாது ஏட்டய்யா.”

“பின்ன ஏன்யா பதினேழுன்னு சொன்ன?”

“எடுக்கலன்னேன், அடிச்சீங்க. மூணுன்னேன், அடிச்சீங்க. அஞ்சுன்னேன், எட்டுன்னேன். ஒவ்வொண்ணாக் கூட்டிக்கிட்டே வந்தேன். பதினேழுலதான் நீங்க நிறுத்துனீங்க.”

அந்தப் பெண் கையிலிருந்த பாகைமானியைக் கீழே வைத்தாள். பெரியவர் கோபமே இல்லாமல் மீதியையும் சொன்னார். காணாமல்போன மூன்று ஆடும் மறுநாள் காலையில் தானாகவே வீடு வந்து சேர்ந்துவிட்டன. புகார் கொடுத்தவருக்கு ஸ்டேஷனுக்கு வந்து அதைச் சொல்ல தைரியமில்லை. பொய்ப் புகாரா என்று ஏட்டய்யா தன்னைப் பிடித்துக்கொள்வாரோ என்று பயந்து, மூன்றையும் மாமியார் ஊருக்கு ஓட்டிவிட்டார். இவர் எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். வந்தபோது ஊரில் இவருக்குப் பெயர் மாறியிருந்தது. பதினேழு. இவர் வீடு பதினேழு வீடு. இவர் பிள்ளைகள் பதினேழு மக்கள்.

“இப்ப வைகாசில பேரனுக்குக் கல்யாணம். அவன் கூட்டாளிக பிளெக்ஸ் அடிக்கப்போறானுக. சிங்கம் படத்தப் போட்டு, ‘பதினேழு பேரன்’னு எழுதப்போறானுகளாம். சின்னப் பயலுக, அவனுகளுக்கு அது கெத்து. பொண்ணு வீட்டுக்காரங்க வந்து என்ன பதினேழுன்னு கேப்பாங்கள்ல. நான் எடுக்கலன்னு சொன்னா ஊர்ல எவனும் நம்பமாட்டான். நாந்தான் ஒத்துக்கிட்டேனே. நீங்க ஒரு தடவ உங்க வாயால சொல்லிருங்க ஏட்டய்யா. மருமக போன்ல எடுத்து ஊர் வாட்ஸ்அப்புல போட்டுரும்.”

“ரெக்கார்டுல இருக்குய்யா” என்றார் அப்பா. என் தோளைப் பிடித்து எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் நாலாவது அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். வலி உண்மையைக் கொண்டுவராது, வலியை நிறுத்துகிற வார்த்தை எதுவோ அதைத்தான் கொண்டுவரும் என்று அதில் கம்பெனி ஆட்களைப் பார்த்து வீராவேசமாக எழுதியிருந்தேன். அதை எழுதிக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் அப்பா யாருக்கோ போனில் ஆட்டுக் கேஸ் சொல்லிக்கொண்டிருந்திருப்பார். எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது. செத்துப்போன ராஜாக்களையும் கலெக்டர்களையும் கூண்டில் ஏற்றுவதற்கு ஏழு வருடம்!

அன்று மாலை அப்பா பயிற்சி செய்யவில்லை. காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கேட்டார்.

“நான் எக்சர்சைஸ் செஞ்சேன்ல?”

“செஞ்சீங்க. நான்தான எண்ணுனேன்.”

“பின்ன ஏன்டா செய்யலைன்னு சொன்னேன்?”

“வலிச்சுச்சுப்பா. அதான்.”

அவர் ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

புதன்கிழமை கிளினிக்கில் பெரியவரின் மருமகள் வந்திருந்தார். அப்பா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, “போன எடும்மா” என்றார். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு, ஸ்டேஷனில் எழுதிப் பழகிய தமிழில், கோர்ட்டில் நிற்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“மேற்படி ஆசாமி பதினேழு ஆடுகளைத் திருடவில்லை என்பது தற்போது எனக்குத் தெரியவருகிறது.”

மருமகள் போனை இறக்கினார். “ஐயா, இப்புடிச் சொன்னா பதினாறத் திருடுனாருன்னு சொல்வாங்க. எங்க ஊரப் பத்தி உங்களுக்குத் தெரியாது.”

பிசியோதெரபி பெண் சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி தொடங்கினார். “மேற்படியான் எந்த ஆட்டையும் திருடவில்லை. விசாரணையின்போது ஒப்புக்கொள்ள வைக்கப்பட்டான்.”

“யாரு வச்சா?” என்றார் பெரியவர், கப்பியிலிருந்து தொங்கியபடி.

அப்பா போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. பத்தாம் வகுப்புப் பையன்களுக்குச் செயப்பாட்டு வினை எதற்குப் பயன்படும் என்று எந்தத் தமிழய்யாவும் இவ்வளவு நன்றாக நடத்தியிருக்க முடியாது. எனக்கு அப்பாமேல் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன.

“திரும்ப எடும்மா” என்றார் அப்பா. இந்தத் தடவை கோர்ட்டுத் தமிழ் வரவில்லை.

“நான் ரிட்டயர்டு ஏட்டு. இவரு ஒரு ஆட்டக்கூட எடுக்கல. நாந்தான் அடிச்சேன். அடி தாங்காம அவரு சொன்னாரு.”

‘அவன்’ என்று ஆயிரம் தடவை நான் கேட்ட கதையில் அந்த ஆள் முதன்முதலாக ‘அவர்’ ஆனார். அப்பாவுக்கு அது தெரிந்ததா, தன்னையறியாமல் வந்ததா, எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை.

மருமகள், “மாமா, அனுப்பிரவா?” என்று கேட்டார்.

“இரு. மொதல்ல எனக்குப் போட்டுக் காட்டு.”

அந்தப் பெண் பெரியவரின் தாடை வாரைக் கழற்றிவிட்டாள். அவர் போனைக் காதோடு வைத்துக் கேட்டார். நாந்தான் அடிச்சேன். முடிந்ததும், “இன்னொருக்காப் போடுத்தா” என்றார். நாந்தான் அடிச்சேன். மறுபடியும் போடச் சொன்னார். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. காது மட்டும் அப்படியே போனோடு ஒட்டியிருந்தது. சின்ன ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் கரகரவென்று அறை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.

யாராவது தூக்கிவிடாமல் அப்பாவால் அந்தக் கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியாது. அவர் என் பக்கம் கையை நீட்டினார்.

“போதும்டா. தூக்கி விடு, போவோம்.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

“இருங்கப்பா. அவர் கேட்டு முடிக்கட்டும்.”