சவுக்கையில் வாசித்த பெட்டி

நாடகக் கம்பெனியை விட்டு வெளியே வந்தபோது என்னிடம் இருந்த சொத்து ஒரு ஆர்மோனியப் பெட்டியும் மூக்குக்கு மேல் நிற்கும் கோபமும்தான். கோபத்தை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள் என்பதால் பெட்டியை வைத்துத்தான் பிழைக்க வேண்டியிருந்தது. மூத்த பிள்ளை பிறந்த சேதி வந்து, ஊருக்குப் போக இரண்டு நாள் கேட்டேன். “பிள்ளை நீ இல்லாமலே பிறந்துவிட்டது, நாடகம்தான் நீ இல்லாமல் நடக்காது” என்றார் முதலாளி. அந்த இடத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.

வீட்டுக்காரி என்னைப் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. “ஒரு வருசம் பாப்போம். ஒப்பேறலைன்னா எங்கண்ணன் கடையில போயி பருப்பு நிறுத்துப் போடுங்க” என்றாள். அவள் அண்ணனுக்குப் பழனிசெட்டிபட்டியில் பலசரக்குக் கடை. நல்ல மனிதர். ஆனாலும் அந்தத் தராசை நினைத்தாலே எனக்குக் கை மரத்துப்போகும்.

அந்த ஒரு வருசம் முடிய இருபது நாள் இருந்தபோது ஒன்றுக்கு இரண்டாக அழைப்பு வந்தது. தேவாரத்துக்கு மேலே, திருவிதாங்கூர் எல்லைக்குள் ஒரு ஏலத்தோட்டத்தில் மாரியம்மன் பூசைக்கு மூன்று நாள் வாசிக்க வேண்டும். மலையிறங்கி மூன்றாம் நாள் போடியில் ஏலக்காய் மண்டிக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். அதற்கு வரும் வியாபாரிகள் வீட்டிலெல்லாம் அடுத்தடுத்துக் கல்யாணங்கள் இருக்கும். அங்கே பெயர் எடுத்தால் பிழைத்தேன், இல்லாவிட்டால் பருப்புதான்.

மலையில் மூன்று நாளும் மழை. மழை நின்றால் மூடுபனி. பெட்டியின் மரம் ஈரம் குடித்து ஊதி, அழுத்திய கட்டை மேலே எழும்பாமல் படுத்துக்கொண்டது. சில கட்டைகளில் காற்று போனதே தவிர ஓசை வரவில்லை. பூசைக்கு வந்த காய் பறிக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களில் கட்டைக்குரல்காரி ஒருத்தி, “அண்ணே, இந்தப் பக்கத்துக் கட்டைக அஞ்சும் அவிஞ்சு போச்சு” என்று விரல் வைத்துக் காட்டினாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். உள்ளே அடுப்புச் சூடு குழாய் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே வைத்தால் பெட்டியும் காயுமே என்று எனக்கு ஒரு மகா யோசனை. கங்காணி கையைப் பிடித்துக் கெஞ்சி, ஒரு பகல் முழுக்கப் பச்சைக் காய்த் தட்டுகளுக்கு நடுவில் பெட்டியை வைத்தேன். படுத்திருந்த கட்டைகள் எழும்பின. ஓசை போன ஐந்து மட்டும் அப்படியே இருந்தன. சமவெளியில் ஒரு நாள் வெயில் பட்டால் அவையும் பேசும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஏலக்காய் வாசம் மரத்துக்குள் இறங்கியதை மட்டும் நான் கவனிக்கவில்லை.

மலையிறங்கும் வழியில், எல்லைச் சாவடியான சுங்கச் சவுக்கையில் இருந்தவர்கள் கவனித்தார்கள். தோட்டத்துக் காயை ஒளித்துக் கீழே கொண்டுபோகிறவர்களைப் பிடிப்பதுதான் அவர்கள் வேலை. இளைய சேவகன் ஒருவன் பெட்டியை முகர்ந்தான், தட்டினான், “இதினுள்ளில் எந்தா?” என்றான். காற்று என்றேன். அவன் உள்ளே போய் ஒரு கடப்பாரையோடு வந்தான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். “உள்ளே காய் கிடந்தால் பெட்டி பேசாதய்யா! வாசித்துக் காட்டுகிறேன், அப்புறம் பேசு!” என்று கத்திவிட்டேன். உட்கார்ந்து துருத்தியைத் திறந்த பிறகுதான் அந்த ஐந்து கட்டைகள் நினைவுக்கு வந்தன. அவை ஊமையாக இருந்தால் என் வாயாலேயே நான் திருடன். கடப்பாரை என் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது.

அந்த நேரம், வீட்டுக்குத் திரும்பும் பறிப்புப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கூட்டமாக இறங்கி வந்தார்கள். நிற்காமல் கூட்டத்தோடு நடந்துவிட்டால் சவுக்கையில் அவர்களை யாரும் கேட்பதில்லை, அது வழக்கம். ஆனால் கட்டைக்குரல்காரி நின்றாள். கடப்பாரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். “பூசையில வாசிச்சதையே வாசிங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, நான் தொடுவதற்கு முன்பே பாட்டை எடுத்துவிட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஊமைக் கட்டை வருகிற இடத்திலெல்லாம் அவள் குரல் ஓங்கி வந்து அந்தப் பள்ளத்தை மூடியது. என் வாழ்நாளில் அவ்வளவு சரியாக யாரும் எனக்குப் பாடியதில்லை. சேவகன் தலையை ஆட்டத் தொடங்கினான், பெட்டி பிழைத்தது.

ஆனால் உள்ளே இருந்த பெரிய சேவகர் வெளியே வந்து, நின்றுவிட்ட பெண்களைப் பார்த்தார். நின்றதுதான் நின்றீர்கள், மடியை அவிழ்த்துக் காட்டுங்கள் என்றார். மற்ற எல்லோர் மடியிலும் வெற்றிலையும் சில்லறையும். அவள் மடியில் மட்டும் ஒரு கைப்பிடி ஏலக்காய். தோட்டத்திலிருந்து ஆள் வரும்வரை அவள் அங்கேயே உட்கார வேண்டும் என்றார்கள். நான் வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை. “போங்கண்ணே, பெட்டிக்கு வெயில் காட்டணும்ல. இவுக என்ன ஆளையா முழுங்கிறப் போறாக?”

நான் போனேன். அதை மறைக்க விரும்பவில்லை, வேகமாகத்தான் போனேன்.

போடிக் கல்யாணத்தில் எல்லாக் கட்டையும் பேசியது. அதிலிருந்து கம்பம், தேவதானப்பட்டி என்று அழைப்புகள் வந்தன. மச்சான் கடைப் பருப்பை நான் சாப்பிட்டதோடு சரி, நிறுக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் வளர்ந்ததும், ஓட்டு வீடு ஒன்று எழும்பியதும் அந்தப் பெட்டியால்தான்.

அடுத்த பூசைக்கு மலையேறியபோது அவள் அங்கே இல்லை. அன்றைக்கே பெயரை வெட்டிவிட்டார்களாம். விசாரித்துப் போனதில், தேவாரத்துக்குக் கிழக்கே ஒரு காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கொண்டுபோன சேலையை நீட்டினேன். தயங்காமல் வாங்கி, நிறம் நல்லா இருக்கு என்று தோளில் போட்டுக்கொண்டாள்.

“மடியில காய் இருக்குன்னு தெரிஞ்சும் ஏந் தாயி நின்ன?” என்று கேட்டேன்.

அவள் நிரையை விட்டு நிமிரக்கூட இல்லை. “எனக்கு ஏலக்காடு போனா பருத்திக்காடு. அந்தப் பெட்டியை ஒடைச்சிருந்தா உங்களுக்கு வேற என்னண்ணே இருக்கு?”